தண்ணீர் ஆற்றியவள்

இருநூற்றுப் பதினாறா, பதினேழா என்று குழம்பியதும் சுகிர்தம் எண்ணுவதை விட்டுவிட்டாள். எண்ணி என்ன ஆகப்போகிறது. எவர்சில்வர் டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு, நெற்றி உயரத்துக்குத் தூக்கி, மெல்லிசாகக் கம்பி மாதிரி மறுபடி அதே தொட்டிக்குள் விட வேண்டும். விழுகிற இடத்தில் நுரை கிளம்பும், நுரையோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகும், அந்தக் காற்றில்தான் உள்ளே இருக்கிற ஏழு உயிரும் மூச்சு விட வேண்டும். காபி ஆற்றுவது போலத்தான். காபியை ஐந்தாறு தடவை ஆற்றினால் குடித்துவிடலாம், இதைக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் ஆற்ற வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வரிசையாக ஊர்ப்பெயர்களைப் போட்டிருந்ததை சாலமோன்தான் நேற்று டீக்கடையில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "நாளைக்கு உன் ஊமைக்கூட்டத்துக்குக் கரண்ட் கிடையாதுட்டி." கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன பிறகும் அவர் வாயில் அந்த 'ட்டி' கல்யாணமான வாரத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. விலங்கியல் துறையின் இன்வெர்ட்டர் மார்ச்சிலேயே செத்துவிட்டது. ஜெனரேட்டர் பிரின்சிபால் அறைக்கும் ஆபீசுக்கும் மட்டும்தான். பரீட்சை முடிந்து பிள்ளைகளெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள், மே மாதத்துக் கல்லூரியில் கேட்டில் வாட்ச்மேனும் ஆய்வகத்தில் இவளும் தவிர ஆள் கிடையாது, இத்தனை பெரிய கட்டடத்தில் சத்தம் என்று இருந்தால் அது இந்தத் தண்ணீர் விழுகிற சத்தம்தான். டம்ளரை வைத்துவிட்டு வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள். தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தாள். இருபத்தாறு. இருபத்தாறைத் தாண்ட விடாதீங்க்கா என்று துறையின் பூங்கோதை மேடம் சொல்லியிருந்தார். தாண்டவில்லை, வாசற்படியில் வந்து நிற்கிறது. சாலமோன் ஐஸ் கொண்டுவருகிறேன் என்றிருந்தார், மீன் கடைகளுக்கு லோடு இறக்கிவிட்டுத்தான் வர முடியும், ஒரு மணி ஆகும். ஒரு மணிவரைக்கும் இரு, தாயே, ஏறாதே என்று தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி டம்ளரை எடுத்தபோது, கை தண்ணீருக்குள் போகிற அந்த நொடியில், காலையிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த யோசனை மறுபடியும் வந்து பிடித்தது. காலையில் நான் கை கழுவினேனா?

தினமும் எட்டரை மணிக்கு ஆய்வகத்தைப் பினாயில் போட்டுத் துடைப்பாள், இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். வாளியில் தண்ணீர், தண்ணீரில் ஒரு மூடி பினாயில், அது பால் மாதிரி வெளுத்து விரியும், அந்த வாசனைக்குத்தான் ஆய்வகம் ஆய்வகமாக ஆகும். மாப்பைப் பிழிந்து மூலையில் சாய்த்தாள், அது ஞாபகம் இருக்கிறது. வாளியைக் கவிழ்த்தாள், அதுவும். அப்போது வாட்ச்மேன் வந்து செமினார் ஹால் சாவி கேட்டான். சாவிக்கொத்து மேஜை டிராயரில் இருந்தது, எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தாள். வந்து? வந்து குழாயடிக்குப் போயிருக்க வேண்டும், சோப்பைத் தொட்டிருக்க வேண்டும். தினமும் செய்வதுதான், தினமும் செய்வதால்தான் இன்றைக்குச் செய்தோமா என்று தெரியவில்லை. நேற்றுக் கழுவியதும் முந்தாநாள் கழுவியதும் ஞாபகத்தில் வந்து, நான்தான் இன்றைக்கு, நான்தான் இன்றைக்கு என்று நிற்கின்றன. அதற்குள் கரண்ட் போயிற்று, ஒன்பது அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போதே. காற்றுக்குழாயின் குமிழ் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது, அந்த அமைதியில் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறிவிடும் என்று மேடம் சொன்னது நினைவுக்கு வந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் குழாயை உருவி எடுத்தாள். முழங்கை வரைக்கும். பினாயில் கையா, கழுவின கையா? பதினோரு மணிக்குப் போய் சோப்பைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. ஆனால் பத்து மணிக்கு அவளே அதில் கை கழுவியிருந்தாள். அந்த ஈரம் எந்தக் கழுவலின் ஈரம் என்று சோப்பா சொல்லும்? விரலை மோந்து பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நறுக்கின வெங்காயம்தான் மணத்தது.

ஏழும் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஒவ்வொன்றும் இலந்தைப்பழம் அளவு, பச்சை கலந்த தேன் நிறம், ஓட்டைச் சுற்றி மூன்று பழுப்புக் கோடு. எல்லாவற்றின் முதுகிலும் மேடம் வெள்ளை நெயில் பாலீஷால் நம்பர் போட்டிருக்கிறார். நான்கு, ஒன்பது, பதினொன்று என்று நம்பர் தாவித் தாவிப் போகும், நடுவில் உள்ள நம்பர்களெல்லாம் செத்தவை. பூங்கோதை மேடம் கோபிப் பக்கத்துக்காரர், வயது நாற்பதைத் தொடவில்லை, நாலு வருஷத்துக்கு முன்னால் மலையில் கரடிச்சுனை என்கிற இடத்தில் பாறை இடுக்கில் இதைப் பார்த்தார். மலையடிவாரத்து ஆட்கள் அதைச் சுனைநத்தை என்று சொல்வார்களாம், அதுவும் வயசானவர்கள்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத நத்தை. அந்த ஒரு சுனையைத் தவிர வேறு எங்கேயும் இல்லாத நத்தை. அது உலகத்துக்குத் தெரிந்த மறுவருஷமே மலைமேல் ஒரு தங்கும் விடுதிக்கு அந்தச் சுனையிலிருந்து பைப் போட்டார்கள், தண்ணீர் நூலாகிப்போனது, மேடம் வனத்துறையில் நடையாக நடந்து அனுமதி வாங்கி இருபத்து மூன்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஐஸ்கிரீம் டப்பாவில், ஈரத்துணி சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு. சுகிர்தம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையா மேடம் இவ்வளவு தூரம் மடியில் வச்சுத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். "ஏனுங்க்கா, அழகா இல்லைங்களா?" என்றார் மேடம். அழகா என்று கேட்டால் என்ன சொல்வது. நத்தையை அழகு என்று யார் சொன்னார்கள். அப்போது ஒன்று, அதுதான் இந்த ஒன்பதாம் நம்பர், மூடியைக் கொஞ்சம் திறந்து, இரண்டு கொம்பையும் மெதுவாக நீட்டி, சுகிர்தத்தின் பக்கமாக ஆட்டிவிட்டு, யாரோ கதவைத் தட்டினதுக்கு எட்டிப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று உள்ளே போகிற பெண்பிள்ளை மாதிரி உள்ளே போய்விட்டது. அன்றைக்கே அதற்குப் பெரியவ என்று பெயர் வைத்துவிட்டாள். மேடத்தின் நோட்டில் நம்பர், இவள் வாயில் பெயர். ஆண் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதன் வலது கொம்பு கட்டையாகச் சுருண்டிருக்கும், அவன் கொம்பன். மற்ற ஆறும் பெண்கள்.

ஆனால் நத்தைக்குப் பெயர் வைக்கிற கையா இது. டம்ளரை உயர்த்திக்கொண்டே தன் கையைப் பார்த்தாள், கறுத்து, நரம்பு புடைத்து, சுட்டு விரலில் பழைய வெட்டுத் தழும்போடு. இந்தக் கைதானே புதன்கிழமைதோறும் பைலாவைக் கொன்றது. பைலா என்றால் வயல் நத்தை, பாடப்புத்தகத்தில் அதற்கு அந்தப் பெயர், இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளுக்கு அதை அறுத்து நரம்பு காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வாய்க்காலில் இறங்கிப் பொறுக்குவாள், சாக்கில் அவை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கூழாங்கல் உரசுகிற மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் சதை ஓட்டைவிட்டுக் கழன்று வரும். ஒரு பேட்சுக்கு முப்பது, வருஷத்துக்கு எத்தனை பேட்ச். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்ளும்போது அவள் சிரிப்பாள். ஓட்டைச் சுத்தியலால் எங்கே தட்டினால் சதை சிதையாமல் உடையும் என்று அவளுக்குத்தான் தெரியும், புது லெக்சரர்கள் அவளிடம் வந்து கேட்டுக்கொள்வார்கள், சுகிர்தக்கா கை பட்டாத்தான் பைலா ஒழுங்கா வரும் என்பார்கள், அவளுக்குப் பெருமையாக இருக்கும். பெருமைதான், பொய் சொல்லக்கூடாது. பிறகு அறுக்கக் கூடாது என்று ஆர்டர் வந்து, மெழுகுத் தட்டுகளையெல்லாம் கழுவி அலமாரியில் அடுக்கினாள், கம்ப்யூட்டரில் படம் பார்த்துப் பிள்ளைகள் படித்தார்கள், புதன்கிழமை காலையில் அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டில் சாலமோன் இன்னமும் கேலி பண்ணுவார், "மூலத்துக்கு நல்லதுன்னு நீயே எனக்கு நத்தைக் கறி வச்சுக் குடுத்தவதானே, இப்ப என்ன தாலாட்டுப் பாடுத?" வைத்தாள்தான், மிளகு தூக்கலாகப் போட்டு. நல்ல ருசி. அதையும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே கை. கொன்ற கைக்கு இதெல்லாம் ஒரு கணக்கில் சேருமா, அல்லது அந்தக் கை தன் பழக்கத்தை விடாமல் இன்றைக்குக் காலையிலும் பினாயிலோடு உள்ளே போய்விட்டதா? போகவில்லை. கழுவினேன். வாட்ச்மேன் சாவி வாங்கிக்கொண்டு போனான், நான் குழாயடிக்குப் போனேன், குழாய்த் தண்ணீர் வெந்நீராக வந்தது, கை சுட்டது. சுட்டது இன்றைக்கா, நேற்றா?

டொக் என்று சத்தம் கேட்டது. டம்ளர் தொட்டி விளிம்பில் இடித்துவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். டம்ளர் கையில்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தாள், எண்ணினாள், ஆறு. மறுபடி இடமிருந்து எண்ணினாள், ஆறு. வலமிருந்து எண்ணினாலும் ஆறாகத்தானே இருக்கும், இருந்தாலும் வலமிருந்தும் எண்ணினாள். ஆறு, ஆறு என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, அந்தச் சொல் என்னவெல்லாமோ ஆயிற்று, ஓடுகிற ஆறாயிற்று, மனசை ஆற்றிக்கோ என்று எழவு வீட்டில் சொல்கிற சொல்லாயிற்று, அவளுக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஏழுதான் வேண்டும். பெரியவ அடியில் மணலில் கிடந்தது. வாய் மேல்பக்கம், மூடி இறுக்கிச் சாத்தியிருந்தது. நத்தை சும்மாவும் விழும். தூங்கும்போது பிடி விட்டு விழுவதை அவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், விழுந்த சுருக்கில் புரண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற பாவனையில் மறுபடி ஏறும். பார்த்துக்கொண்டே நின்றாள். ஏறவில்லை. ஒரு பீக்கரில் தொட்டித் தண்ணீர் மொண்டு, கையால் தொடப் பயந்து, சாமணத்தின் நுனியால் அணைத்துத் தூக்கி அதற்குள் வைத்தாள். தனியாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். மற்றதுக்கு ஏதாவது ஒட்டும் என்றால் ஒட்டாமலும் இருக்கும். பீக்கரைத் தொட்டிக்கு உள்ளேயே, கழுத்து வெளியே நிற்கிற மாதிரிக் கல்லின் மேல் நிறுத்தினாள், சூடேறாமல் இருக்கட்டும். பிறகு தொட்டிக்கு நூறு டம்ளர் ஆற்றினால் பீக்கருக்கு ஒரு கரண்டி ஆற்றுவது என்று வைத்துக்கொண்டாள். தொண்டை வறண்டிருந்தது. பாட்டிலில் அவள் குடிக்கிற தண்ணீர் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை.

மேடத்திடம் எப்படிச் சொல்வது? மேடம் இன்றைக்கு விடிகாலையில் மலைக்குப் போயிருக்கிறார். போன வாரம் கோடை மழை நல்லாக் கொட்டியிருக்கிறது, சுனைக்கு மேலே பாறை வெடிப்புகளில் ஈரம் ஏறியிருக்கும், தப்பிப் பிழைத்தது ஒன்றிரண்டாவது வெளியே வந்திருக்கும் என்று ஒரு வனக்காப்பாளரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே போன் எடுக்காது. இறங்கும்போது ஒரு வளைவில் மட்டும் எடுக்கும், அங்கே நின்று கூப்பிடுவார். கூப்பிட்டதும் எடுத்த எடுப்பில் சொல்வதா, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சொல்வதா? சுகிர்தத்துக்குச் சேதி சொல்வது என்றாலே ஒரு கருவாட்டுக் குழம்பு வாசனை வந்து நிற்கும். சாலமோனின் தம்பி ஜெயசிங் லாரியில் அடிபட்டு இறந்த அன்று போன் இவளுக்குத்தான் வந்தது. சாலமோன் அப்போதுதான் கைகழுவி உட்கார்ந்து, முதல் வாய் உருட்டுகிறார். காலையிலிருந்து பட்டினி. இவள் அடுப்படியில் நின்று யோசித்தாள், சொன்னால் இந்த மனுஷன் இனி ரெண்டு நாளைக்குப் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டார், சாப்பிடட்டும், பத்து நிமிஷத்தில் என்ன. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். நல்லாருக்குட்டி என்றார். தட்டை எடுத்த பிறகுதான் சொன்னாள். அவர் அழவில்லை, அவளையே பார்த்தார். "நீ தெரிஞ்சேதான் எனக்குச் சோறு போட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கோபமும் கிடையாது, ஆனால் அந்த வீட்டில் பதினாலு வருஷமாகக் கருவாடு வாங்கவில்லை. நல்லதுக்கென்று செய்ததுதான். நல்லதுக்கென்று தள்ளிவைக்கிற பத்து நிமிஷம் பதினாலு வருஷமாகும் என்று யாருக்குத் தெரியும். மேடத்திடம் தள்ளிவைக்கக் கூடாது. எடுத்ததும் சொல்லிவிட வேண்டும். கை கழுவினது தெரியாது என்பதையும் சேர்த்தா? அதைச் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. இருபத்து மூன்றில் பதினாறு செத்ததற்கு யாரும் கையை மோந்து பார்க்கவில்லையே. கரண்டியைப் பீக்கருக்குள் மெதுவாகச் சாய்த்தாள். மூடி இன்னும் சாத்தித்தான் இருந்தது. ஏன் தாயி, வெளிய வா, நான்தான். வேற யாரும் இல்லை.

வாசலில் லோடு ஆட்டோ வந்து நிற்கிற சத்தமும், அதைத் தொடர்ந்து சாலமோன் செருப்பைக் கழற்றுகிற சத்தமும் கேட்டது. ஆய்வகத்துக்குள் செருப்போடு வரமாட்டார், கோயில் மாதிரி. தோளில் சாக்கு சுற்றிய ஐஸ் கட்டி, சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

"எங்கட்டி வைக்க?"

"தொட்டிக்குள்ள போட்டுராதீங்க. மீன் ஐஸ். உடைச்சு இந்தப் பாட்டில்ல அடைச்சு மூடி, பாட்டிலைத்தான் மிதக்க விடணும்."

"அதெல்லாம் நீ நேத்தே சொல்லிட்ட." கீழே உட்கார்ந்து சாக்கோடு சேர்த்து ஐஸை ஒரு கல்லால் தட்டினார். தட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"பெரியவ விழுந்துட்டா."

அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பீக்கருக்குள் எட்டிப் பார்த்தார். கேலியாக ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போனவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

"எனக்குக் கை கழுவின ஞாபகம் இல்லைங்க. பினாயில் போட்ட கை."

"நீ கழுவாம இருப்பியா? வீட்ல நான் கழுவலைன்னா தட்டைத் தொட விடமாட்ட."

"அதான், ஞாபகம் இல்லைங்கிறேன்."

அவர் பாட்டில்களை அடைத்து முடித்தார். மூன்று பாட்டிலும் தொட்டியில் மிதந்தன. பிறகு அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். "போய் ரெண்டு வாய் சாப்பிடு. அதுவரைக்கும் நான் ஆத்துதேன். சொல்லு, எவ்வளவு உசரத்துல இருந்து?" அவள் காட்டினாள். அவர் ஆற்றினார், டீக்கடைக்காரன் மாதிரி ரொம்ப உயரத்திலிருந்து, பாதி வெளியே தெறித்தது. அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நாலு வாய் இறங்கிற்று. ரெண்டு மணிக்கு அவர் இன்னொரு லோடு எடுக்கப் போக வேண்டியிருந்தது, போகும்போது வாசலில் நின்று, "வாரேன்ட்டி" என்றவர், பீக்கர் இருந்த பக்கம் பார்த்து, "வாரேன்" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

தெர்மாமீட்டர் இருபத்தைந்தரைக்கு இறங்கியிருந்தது. வெளியே வேப்பமரத்தில் செம்போத்து ஒன்று அடித்தொண்டையில் கூவிக்கொண்டிருந்தது, வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி அலமாரி வரைக்கும் வந்து, அங்கே ஜாடிகளில் முப்பது வருஷமாக மிதக்கிற பாம்பையும் பல்லியையும் தொட்டுக்கொண்டிருந்தது. சுகிர்தத்துக்குக் கை தானாக ஏறித் தானாக இறங்கிற்று. கண் செருகிக்கொண்டு வந்தது. நூல் மாதிரி விழுகிற தண்ணீர் நூலாகிப்போன சுனையாயிற்று, அவள் பார்த்தேயிராத அந்தச் சுனை, மேடம் போனில் காட்டின படத்தில் மட்டும் இருக்கிற சுனை, அதன் பாறையில் பாசி எப்படி இருக்கும், தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும், அங்கே இருந்ததை இங்கே கொண்டுவந்து, டவுனில், டியூப்லைட்டுக்கு அடியில், பினாயில் வாடையில் வைத்தால் எந்த உயிர்தான் இருக்கும். இருந்ததே பெரிசு. ரெண்டு வருஷம் இருந்திருக்கிறது. காலையில் இவள் வந்து லைட்டைப் போட்டதும் கொம்பை நீட்டும், கீரையை வேகவைத்துப் போட்டால் மற்றதெல்லாம் தின்னுகிற வரைக்கும் காத்திருந்து கடைசியில்தான் வரும், பெரிய மனுஷி. ஒருநாள் மூடி திறந்திருந்த தொட்டியிலிருந்து ஏறி வந்து வருகைப் பதிவேட்டின் மேல் ஒரு வெள்ளிக்கோடு போட்டு வைத்தது, அந்தப் பக்கத்தைத் துடைக்காமல் விட்டிருக்கிறாள். நூறு ஆயிற்றா? பீக்கருக்கு ஒரு கரண்டி. குனிந்தாள்.

மூடி திறந்திருந்தது. அவளுக்கு மூச்சு ஏறிற்று, அதே நொடி இறங்கவும் செய்தது. திறந்த விதம் சரியில்லை. அத்தனை புதன்கிழமை நத்தையைக் கொன்ற கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? உயிரோடு இருக்கிற நத்தை திறந்தால் பாதம் முதலில் வந்து எதையாவது பிடிக்கும். இது எதையும் பிடிக்கவில்லை. சதை தளர்ந்து ஓட்டுக்கு வெளியே சாய்ந்திருந்தது. மெல்லிய பிரஷ்ஷின் மயிரால் ஓரத்தைத் தொட்டாள். உள்ளே இழுக்கவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டாள். இல்லை. பிரஷ்ஷை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, நத்தைக்கு அழுதால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். முதுகில் நெயில் பாலீஷ் ஒன்பது பளிச்சென்று இருந்தது. பீக்கரின் அடியில் என்னவோ தூசி. ஐஸ் உடைத்தபோது தெறித்த மண்ணோ என்று நினைத்தாள். கடுகு மாதிரி நாலைந்து. மீன் ஐஸில் என்னென்ன குப்பை இருக்குமோ, அது உள்ளே விழுந்துதான் ஏதும், இல்லை, ஐஸ் வருவதற்கு முன்னாலேயே பெரியவ விழுந்துவிட்டது. பீக்கரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கடுகு, கண்ணாடியில் ஒட்டியிருந்த கடுகு, இடம் மாறியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் மாறிற்று. மேடம் எப்போதோ சொன்னது அப்போதுதான் மூளைக்குள் வந்து விழுந்தது. இந்தச் சாதி முட்டை போடாதுங்க்கா, வயித்துலயே பொரிஞ்சு குட்டியாத்தான் வரும், வயித்துக்குள்ள எத்தன மாசம் வேணும்னாலும் வச்சிருக்கும். இங்கே வந்த ரெண்டு வருஷத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. மேடம் அதை நினைத்து நினைத்து இளைத்தே போனார். சுகிர்தம் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. கடைசியில் கரண்டியை விட்டுவிட்டு, இங்க் பில்லரால் தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, பீக்கருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். சத்தமே வராமல். பெரியவளைச் சாமணத்தால் பிடித்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து ஈரத்துணி போட்டு மூடினாள்.

போன் அடித்தபோது மூன்றரை மணி. இந்தத் தடவை சந்தேகமே இல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். காற்று இரைகிற சத்தத்துக்கு நடுவில், "அக்கா, நாந்தாங்க" என்று மேடத்தின் குரல் கேட்டது.

"மேடம், ஒண்ணு போயிட்டு. ஒம்பதாம் நம்பர், நம்ம பெரியவ. காலைல பினாயில் போட்டுத் துடைச்சேன், அதுக்கப்புறம் கை கழுவினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. கழுவாமலே தொட்டிக்குள்ள கை விட்டிருந்தாலும் விட்டிருப்பேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"மத்ததெல்லாம்?" என்று மேடம் கேட்டார்.

"ஆறும் நல்லா ஒட்டியிருக்கு. கொம்பன் மேஞ்சுக்கிட்டிருக்கான். தண்ணி இருபத்தஞ்சரை."

"அப்படின்னா பினாயில்தான்னு சொல்ல முடியாதுங்க்கா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதுக்கு வயசும் ஆயிடுச்சு."

"நோட்டுல என்ன எழுத?"

"நடந்தத எழுதுங்க. கை கழுவினது ஞாபகம் இல்லைன்னும் எழுதிருங்க. நாளைக்கு வேற யாராச்சும் வளர்த்தா அவங்களுக்கு உதவும்." கொஞ்சம் நிறுத்தி, வேறு குரலில் சொன்னார். "இங்க ஒண்ணுமே இல்லைங்க்கா. வெடிப்பு வெடிப்பா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டோம். ஓடுதான் கெடக்குது, வெயில்ல வெளுத்துப்போயி."

"அப்ப நம்மகிட்ட இருக்கிறதுதானா மேடம்?"

"அவ்வளவுதானுங்க்கா."

சுகிர்தம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பீக்கரின் பக்கம் திரும்பினாள். "மேடம், பெரியவ குட்டி போட்டுட்டுத்தான் போயிருக்கா."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"எத்தனைங்க்கா?"

"முதல்ல நாலு பார்த்தேன். இப்ப அஞ்சு இருக்கு."

"நகருதுங்களா? லென்ஸ் வச்சுப் பாருங்க. அவசரம் இல்லைங்க, நான் இங்கேயே நிக்கறேன். கொம்பு இருக்குதா பாருங்க."

மேஜையில் இருந்த லென்ஸை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் மூச்சுப் பட்டு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, மூச்சை அடக்கிக்கொண்டாள். ஓடு கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசாக இருந்தது, அதற்குள் என்னவோ துடித்தது. பழுப்புக் கோடு இன்னும் விழவில்லை. ஒன்றைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், ஐந்தையும் பார்த்து முடிக்கிற வரைக்கும் மலைமேல் மேடம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"இருக்கு மேடம். ரெண்டு ரெண்டா, மயிர் மாதிரி. எல்லாத்துக்கும் இருக்கு."

மேடம் போனைச் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வனக்காப்பாளரிடமாக இருக்கும், சொல்வது மட்டும் கேட்டது. "கொம்பெல்லாம் இருக்குதாமுங்க."